செண்பகவல்லி, வயது 35, பெண்

ஆடி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்று இருபது. மேகம் இருந்தது, மழை இல்லை. ஆடிக்காற்று கரிசல் புழுதியை அள்ளி வந்து ஜன்னல் கம்பி வழியாக வகுப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் நான் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். சாத்தியதால் அறை இருட்டியது. இருட்டியதால் திரையின் ஓரத்தில் இருந்த எழுத்து கடைசி பெஞ்சு வரை தெரிந்தது. நடந்தவற்றில் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் யோசிப்பதில்லை, அம்மா. மனிதர்களைத்தான் குறை சொல்கிறார்கள்.

நாளையும் நேரத்தையும் முதலில் சொல்வது எனக்குப் பழக்கம். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக விலங்கியல் நடத்துகிறேன். நாளும் நேரமும் எழுதாத ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என்னிடம் கேட்கவில்லை, அந்த நர்ஸிடம் கேட்டீர்கள். "வெளிய தழும்பு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். இந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் காதில் விழுந்தது. தெரியாது. ஒரு தையல்கூட இருக்காது. எல்லாம் வாய் வழியாகத்தான். எதிர்ச்சுவரில் ரோபோ படம் ஒட்டியிருக்கிறார்களே, நான்கு கையோடு, அது குடல் புற்றுநோய்க்காரர்களுக்கு. உங்கள் மகளுக்கு அது வேண்டாம். அவளுக்கு என் தங்கைக்குச் செய்த அதே சிகிச்சைதான். உங்கள் கையில் இருக்கும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தீர்களே, அப்போதே பார்த்தேன். மேலே பை மாதிரி வீங்கி, அடியில் பறவை அலகு மாதிரி கூர்ந்து நிற்கிறது. அகலேசியா. உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க மறுக்கும் நோய்.

என் தங்கை இப்போது உள்ளே இருக்கிறாள். இது மூன்றாவது பரிசோதனை. டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். "வாசல் நல்லா திறந்திருக்கு மேடம், சப்பாத்தியே போகும்" என்பார். போன முறையும் அதைத்தான் சொன்னார், அதற்கு முந்தின முறையும். ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கருவிக்குத் தெரிவது வேறு, உடம்புக்குத் தெரிவது வேறு.

வரிசையாகச் சொல்கிறேன்.

செண்பகவல்லி என்னைவிடப் பதினாறு வயது இளையவள். எங்கள் ஊர் அம்மன் பெயர். அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பா நான்கு வருடம் கழித்து. அதற்குப் பிறகு நான்தான். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. செண்பகாவுக்காக என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் மறுத்ததும் இல்லை.

அவள் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்தேழாவது வயதில் நோய் தொடங்கியது. ஒரு வாய் சோற்றுக்கு அரை தம்ளர் தண்ணீர். அப்புறம் எழுந்து நிற்பாள். இரண்டு கையையும் கூரையைப் பார்த்துத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்குவாள். அப்போதுதான் உள்ளே ஏதோ வழுக்கி இறங்கும். உங்கள் மகளும் அப்படிச் செய்வாளா? செய்வாள். எல்லோரும் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், யாரும் சொல்லித் தருவதில்லை. படுத்தால் தின்றது அப்படியே மேலே வந்து தலையணை நனைந்திருக்கும். ஒரு டாக்டர் வாயு என்றார். ஒருவர் மனசு என்றார். ஒரு பெண் டாக்டர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்.

நான் கஞ்சி காய்ச்சினேன். புழுங்கலரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் குழையவிட்டு, கரண்டியால் மசித்து, துணி வடிகட்டியில் ஒரு தடவை, எவர்சில்வர் வடிகட்டியில் ஒரு தடவை. ஒரு பருக்கை தப்பியதில்லை. காலையில் கல்லூரிக்கு முன், மாலையில் வந்த பிறகு. ஏழு வருடம், அம்மா. ஏழு வருடம் அவள் என் வடிகட்டி வழியாகத்தான் உயிரோடு இருந்தாள். முப்பத்தெட்டு கிலோ. வெளியே ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டாள். கல்யாண வீடுகளுக்குப் போக மாட்டாள். "எனக்கு நீ போதும்க்கா" என்பாள். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம்.

பிறகு இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளே வந்தாள். தனியாக பஸ் ஏறி மதுரைக்கு வந்து, சீட்டுப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்துதான் என்னிடம் சொன்னாள். அது இருக்கட்டும்.

இந்த டாக்டர் கெட்டிக்காரர். வயது நாற்பதுகூட இருக்காது. நான் என்ன துறை என்று தெரிந்ததும் எனக்குப் படம் போட்டு விளக்கினார். முன்பெல்லாம் வயிற்றைக் கிழிப்பார்கள். அப்புறம் நான்கு துளை. இப்போது வாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் ஒன்று போகிறது. உணவுக்குழாயின் உள்தோலுக்கு அடியில் நீல மருந்து செலுத்தித் தோலை உப்ப வைக்கிறார்கள். அதில் சின்னதாக ஒரு வாசல் வெட்டி, தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டு வயிறு வரைக்கும் இறங்குகிறார்கள். இறுகிக் கிடக்கும் தசையை மட்டும் இழை இழையாக வெட்டுகிறார்கள். வரும்போது வாசலில் கிளிப்பு போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கிளிப்புகள் நாளடைவில் தாமாகவே விழுந்துவிடும். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அவ்வளவுதான். ஏழு வருடத்தை ஒரு மணி பத்து நிமிடத்தில்.

முழுவதையும் பதிவு செய்து ஒரு பென் டிரைவில் கொடுத்தார். செண்பகா அதைப் பார்க்க மறுத்துவிட்டாள். "எனக்கு எதுக்குக்கா, எங்கேயாவது போடு" என்றாள். எனவே அது என்னிடம் வந்தது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழகு தெரியுமா? நீலமும் வெள்ளையும் இளஞ்சிவப்பும். இத்தனை வருடம் சார்ட்டில் நடத்திய ஒன்றை முதல்முறையாக உயிரோடு பார்த்தேன். அவளை நான் குளிப்பாட்டியிருக்கிறேன், தலை பின்னியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தாள். ஒரே மூச்சில், கையைத் தூக்காமல். குடித்துவிட்டு அழுதாள். ஒரு மாதத்தில் சோறு. அப்போது டாக்டரிடம் காட்டிவிட்டு மதுரையிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடலை மிட்டாய் வாங்கினாள். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியும். கடையின் முன் நின்றபடியே ஒரு முழுப் பாளத்தைக் கடித்துத் தின்றாள். கடைக்காரர் சிரித்தார். பிறகு பரோட்டா. நூலகத்தில் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து சாயங்காலம் வடை. நான் காய்ச்சி வைத்த கஞ்சி அப்படியே இருக்கும்.

ஒரு நாள் காலையில் என் இட்லியைத் தின்றுகொண்டே, "அக்கா, சாம்பார்ல உப்பு கம்மி" என்றாள்.

ஏழு வருடமாக அவள் என் சமையலைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லும் அளவுக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உப்பை எடுத்து வைத்தேன். வடிகட்டியைக் கழுவித் துடைத்து, பரணில் போட்டேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, வரிசைக்காகச் சொல்கிறேன்.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எட்டு வருடம் கழித்து அவள் பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் எதையும் விடவில்லை. அவியலை இரண்டாம் தடவை கேட்டாள். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக் குழைத்து வழித்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்ப்பந்தியில் கோமு என்று ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில்காரர், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஒங்க தங்கச்சியா மதினி? ஒரு பொம்பளப்பிள்ள இப்படி ருசிச்சுச் சாப்பிடுறதப் பாத்து எத்தன நாளாச்சு. எல்லாம் கொறிச்சிட்டு எந்திரிக்குதுக. எங்க தம்பி ஒருத்தன் இருக்கான், தனியா ஒக்காந்து தின்னே பழகிட்டான்."

இப்படித்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. தம்பி பெயர் சங்கரநாராயணன். வயது முப்பத்தெட்டு, மின்வாரியத்தில் வேலை. பெற்றோர் இல்லை, அக்கா கோமுதான் எல்லாம். வைகாசியில் பெண் பார்த்துப் பூ வைத்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று பேச்சு. அவர்கள் போன பிறகு செண்பகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த ஆபரேசன் விசயத்த நீ சொல்லிராத. மறைக்கச் சொல்லல. நானே சொல்றேன். அவர்ட்ட நானா சொன்னாத்தான் சரியா இருக்கும். நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிருவேன்."

சரி என்றேன். நான் வாக்குக் கொடுத்தால் மீற மாட்டேன். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவரிடமும் நானாகப் போய் ஒரு சொல் சொன்னதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோமுவுக்கு ஒரு மகள். இசைவாணி. எங்கள் கல்லூரியில்தான், விலங்கியல் இரண்டாம் ஆண்டு, வருகைப்பதிவில் இருபத்தேழாம் எண். கெட்டிக்காரி, முன்வரிசை. வருங்கால மாமியின் அக்கா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

ஆடி இருபத்தெட்டு. பாடத்திட்டத்தில் அன்றைக்குச் செரிமான மண்டலம். துறைக்குப் புதிதாகப் புரொஜெக்டர் வந்திருந்தது. சார்ட்டைத் தொங்கவிட்டு நடத்தியிருக்கலாம். ஆனால் கையில் அப்படி ஒரு பதிவை வைத்துக்கொண்டு, கிழிந்த சார்ட்டைக் காட்டுவது கற்பித்தலுக்குச் செய்யும் துரோகம். வருகைப்பதிவு எடுத்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது. இருபத்தேழு, "பிரசென்ட் மேம்."

எங்கள் ஆய்வக உதவியாளர் பொன்னுத்தாய் கணினியை இணைத்துக் கொடுத்தாள். படம் வந்ததும் என் அருகே வந்து குனிந்து, "மேடம், ஓரத்துல தங்கச்சி பேரு தெரியுதே. ஒரு தாள் வச்சு மறைச்சிரட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அம்மா, எங்கள் துறையில் லேபிள் இல்லாத மாதிரிக்கு மதிப்பே கிடையாது. பாட்டிலில் எவ்வளவு அரிய உயிரினம் மிதந்தாலும், பெயர், நாள், இடம் எழுதிய சீட்டு இல்லை என்றால் அது குப்பை. அதை நான் முதலாண்டு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். சொன்ன நானே ஒரு மாதிரியின் லேபிளை மறைத்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? திரையின் இடது ஓரத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. செண்பகவல்லி. முப்பத்தைந்து. பெண். நாள், நேரம், நொடி உட்பட.

இருபது நிமிடம் காட்டினேன். உணவுக்குழாய்க்குள் நுழைந்ததும் தேங்கிக் கிடந்த பழைய கஞ்சி. அது என் கஞ்சிதான். சில பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பின்வரிசையில் யாரோ, "மேம் தங்கச்சில்லா" என்றாள். ஒரு சிரிப்பு பரவியது. நான் மேசையைத் தட்டினேன்.

இசைவாணி எழுந்தாள்.

"மேம், இது யாரு?"

"ஒரு நோயாளி."

"பேரு போட்டிருக்கே மேம்."

"போட்டிருக்கிறது என்றால் ஏன் கேட்கிறாய்?"

அவள் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, "இது முழுசாச் சரியாயிருமா மேம்?" என்றாள்.

மாணவி கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனவே உள்ளபடி சொன்னேன். இந்த நோயில் இறந்துபோவது உணவுக்குழாயின் நரம்பு செல்கள். அவை திரும்ப வளர்வதில்லை. டாக்டர் வாசலைத்தான் வெட்டித் திறந்திருக்கிறார், நோயைக் குணமாக்கவில்லை. திறந்த வாசல் வழியாக அமிலம் மேலே வரலாம். வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டும். பரம்பரையாக வருமா என்றும் கேட்டாள். பெரும்பாலும் வருவதில்லை, ஆனால் ஒருபோதும் வராது என்று எந்த விஞ்ஞானியும் எழுதிக் கொடுக்க மாட்டான் என்றேன். இதில் ஒரு சொல் தவறு என்று யாராவது காட்டட்டும். நன்றி மேம் என்று சொல்லி உட்கார்ந்தாள். அவள் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அதை நான் கவனித்தேன்.

உங்கள் மகள் கல்லூரியா, வேலையா? தூத்துக்குடி என்றீர்கள் அல்லவா? எங்கள் கல்லூரியில் தூத்துக்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சரி, சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று மாலை ஐந்து ஐம்பதுக்குக் கோமு வந்தார். செண்பகா நூலகத்திலிருந்து வரவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அதுவரை மதினி, மதினி என்று அழைத்தவர் அன்றைக்கு டீச்சர் என்றார். நான் டீச்சர் அல்ல, இணைப் பேராசிரியர். திருத்தவில்லை.

"வயித்துல ஆபரேசன் பண்ணது ஒரு குத்தமா டீச்சர்? எனக்கே ரெண்டு சிசேரியன். எவ வீட்டுல வியாதி இல்ல? அந்தப் பிள்ள எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாந்தான் கூட மதுரைக்குப் போயிருப்பேன்."

அப்படியானால் என்ன பிரச்சினை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எம்மக வீட்டுக்கு வந்து சோறு திங்கல. கூடப் பொறந்தவ நெஞ்சுக்குள்ள கெடந்த கஞ்சிய நாப்பது பேருக்குச் செவுத்துல காட்டிட்டு, பிரம்பால தொட்டுத் தொட்டு விளக்கம் சொன்னீகளாம். நாளைக்கு எங்க வீட்டுல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா அதையும் காட்டுவீக. நான் அந்தப் பிள்ளைய வேண்டாம்னு சொல்லல டீச்சர். ஒங்களத்தான் வேண்டாங்கேன்."

பிரம்பு அல்ல, சுட்டுக்கோல். இப்படி ஏதேதோ சொன்னார். சம்பந்தத்தை முறிக்க வருபவர்கள் உண்மையான காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். நோய் என்று சொன்னால் நாகரிகம் இல்லை என்று, என் மேல் பழியைப் போட்டார். எனக்குப் புரியாதா?

போகிற வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"எந்தம்பி அவதான் வேணுங்கான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அம்மன் கோயில் வாசல்ல நிப்பான். அவளா நடந்து வரட்டும். வந்தா அடுத்த முகூர்த்தத்துலயே கோயில்ல வச்சு முடிச்சிருவோம், சீர் செனத்தி ஒண்ணும் வேண்டாம். ஆனா அப்புறம் ஒங்க வீட்டு வாசப்படிக்கும் எங்களுக்கும் பேச்சு இல்ல. அவன் போன் பண்ணி அவ மனசக் கலைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். ஒங்க வாயாலயே சொல்லுங்க. வளத்தவ நீங்க. அந்த மருவாதிக்காகத்தான் நேர்ல வந்தேன்."

போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள். வளர்த்தவளை விட்டுவிட்டு வா என்று நிபந்தனை போடுகிற இடம் ஒரு சம்பந்தமா? பெண்ணைத் தெருவில் நடந்து வரச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதில்லை. இதை அவளிடம் கொண்டுபோய்ச் சொல்வது அவளை அவமானப்படுத்துவதாகும். எனவே நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் வெளியே வந்த பிறகு நீங்களும் இந்தக் கோயில் பேச்சை எடுக்க வேண்டாம். பரிசோதனை முடிந்து களைப்பாக வருவாள்.

ஆறே முக்காலுக்கு வந்தாள். கையில் மல்லிகைப் பூ வாங்கி வந்திருந்தாள், எனக்கும் சேர்த்து. உட்கார வைத்துச் சொன்னேன். கோமு வந்திருந்தார், நின்றுபோயிற்று. ஏன் என்றாள். உன் வீடியோவைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றேன். எப்படி என்றாள். வகுப்பில் காட்டினேன் என்றேன்.

அவள் கையிலிருந்த பூப்பொட்டலத்தை மறுபடி மடித்தாள். பிறகு கேட்டாள்.

"பேரோடவாக்கா?"

லேபிள் விஷயத்தை அவளுக்கும் விளக்கினேன். கேட்டாளா என்று தெரியவில்லை. பூவை மேசையில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்க்கா. போன ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன். சிரிச்சாரு. அதுக்கென்ன, ரெண்டு பேரும் மெதுவாச் சாப்பிடுவோம்னாரு. கோமு அக்காட்ட வர்ற வெள்ளிக்கிழம நாங்க ரெண்டு பேருமா போய்ச் சொல்றதா இருந்தோம்."

அம்மா, ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறாள். நடந்தது செவ்வாய். நடுவில் திங்கள் முழுவதும் ஒரே வீட்டில் இருந்தோம். என்னிடம் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? நான் அதைக் கேட்டேன். அன்று நடந்ததில் எனக்கு மனம் வலித்த இடம் அது ஒன்றுதான்.

"அவரு வந்தாரா? ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள்.

அவர் வரவில்லை, அவருடைய அக்காதான் வந்தார் என்றேன். அது உண்மை. அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணைத் தேடினாள். நான் தடுக்கவில்லை. "வேண்டாம் என்றவர்களிடம் போய்க் கெஞ்சுவாயா?" என்று மட்டும் கேட்டேன். படுக்கப் போகும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழைக்கவில்லை. அவளை நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை. காற்று ஓய்ந்திருந்தது, வானம் வெளுத்திருந்தது. ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

கோமு, நிச்சயத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்கு நிறப் பட்டுச் சேலையை, கடை திறந்ததும் கொண்டுபோய் வேறு நிறத்துக்கு மாற்றிக்கொண்டார். அது பொன்னுத்தாய் சொல்லித் தெரிந்தது. இசைவாணி வகுப்புக்கு வரவில்லை. இருபத்தேழுக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். அதற்கு அடுத்த வாரம் அவள் தாவரவியலுக்கு மாறிக்கொண்டாள், நல்ல மாணவி, துறைக்கு நஷ்டம். பொன்னுத்தாய் அன்று காலை என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பென் டிரைவை ஓர் உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தாள். உறையின் மேல் ஒன்றும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

சங்கரநாராயணன் கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். நான் தெருவுக்கு இந்தப் பக்கம், திறக்காத ஒரு கடையின் படியில் நின்றேன். அவர் உண்மையிலேயே வருகிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. கேள்விப்பட்டதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வருவதில்லை. ஆறு ஐம்பதுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் வாழையிலைப் பொட்டலம். ஏழு மணிக்கு ஒரு தடவை எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஏழரைக்கு ஒரு தடவை. சேலை கட்டிய பெண் யார் வந்தாலும் இரண்டடி முன்னால் வைத்தார். எட்டு பதினேழுக்கு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் பொட்டலம் இல்லை. அடுத்த தையில் சாத்தூரில் அவருக்குக் கல்யாணம் நடந்தது.

நான் எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். செண்பகா குளித்து, நூலகத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, நான் அவித்து வைத்துவிட்டுப் போன இட்லியின் முன் உட்கார்ந்திருந்தாள். அரை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து நின்றாள். இரண்டு கையையும் கூரையைப் பார்த்துத் தூக்கினாள். அப்படியே வெகுநேரம் நின்றாள்.

"நிக்குதுக்கா," என்றாள்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து வடிகட்டியை எடுத்தேன். வெந்நீரில் இரண்டு தடவை கழுவினேன். குருணையைக் குழைய வைத்து, மசித்து, துணியில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை வடித்து, ஆற்றிக் கொடுத்தேன். மடக்கு மடக்காக முழுவதும் குடித்தாள். கல்லூரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, இருந்தாலும் அருகே நின்று உப்பு போதுமா என்று கேட்டேன்.

"சரியா இருக்குக்கா," என்றாள்.